43-ம் நம்பர் காரின் கதை
அறுபது ஆண்டு நடந்த குடும்பக் கம்பெனி கைமாறிய விதம்

சேலத்தில் இருந்து நாமக்கல் போகும் சாலை ஓரமாகச் சிறிது நேரம் நின்றால் போதும். எத்தனை வகை லாரி உண்டோ அத்தனையையும் பார்த்துவிடலாம். சமையல் கியாஸ் ஏற்றிய டாங்கர் போகும். முட்டை ஏற்றிய வண்டி போகும். ஆழ்குழாய்க் கிணறு போடுவதற்காகத் திருச்செங்கோட்டில் இருந்து வடநாட்டுக்குப் புறப்பட்ட ரிக் வண்டி போகும். லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைகளில் சுத்தியல் சத்தம் ஓய்வதே இல்லை.

இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து லாரி வாங்குவது புதிய சங்கதி அல்ல. "ஏன் மாப்பிள்ளை, நீ பாதி போடு, நான் பாதி போடுகிறேன். ஒரு வண்டி எடுத்துவிடலாமே!" என்று மச்சானும் மாப்பிள்ளையும் டீக்கடையில் பேச ஆரம்பிப்பார்கள். பணம் சேர்ந்துவிடும். கடனும் கிடைத்துவிடும். வண்டி பட்டறைக்குப் போய், பெயிண்ட் அடிக்கிற அன்றுதான் சிக்கல் வரும்.

முகப்பில் யாருடைய குலதெய்வத்தின் பெயரை எழுதுவது? பின்னால் யாருடைய குழந்தையின் பெயரை எழுதுவது?

சிரிக்க வேண்டாம்! கோடிக் கணக்கான டாலர் புரள்கிற அமெரிக்காவின் கார் பந்தயக் கம்பெனிகளும் ஒன்றோடு ஒன்று கூட்டுச் சேருகிறபோது இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

கோவைக்காரர் ஓட்டிய வண்டி

அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையில் விற்கிற காரைப் போன்ற தோற்றம் உள்ள கார்களை வைத்து நடத்துகிற பந்தயம். பெரும்பாலும் வட்டமான பாதையில் நூற்றுக் கணக்கான சுற்றுகள் ஓட வேண்டும். இதை நடத்துகிற சங்கத்தின் பெயர் 'நாஸ்கார்'. 1948-ம் ஆண்டு தொடங்கியது.

இந்தச் சங்கம் சரக்கு வண்டிக்கும் தனியாகப் பந்தயம் நடத்துகிறது. நம் ஊர்ப் பத்துச் சக்கர லாரி அல்ல. பின்புறம் திறந்த சிறிய வண்டி. 2010-ம் ஆண்டு மார்ச் மாதம், வெர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில் நடந்த அந்தப் பந்தயத்தில் ஒரு தமிழர் ஓட்டினார். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்தான் அவர். பதின்மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டின் முடிவில், ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த டிரைவர் யார் என்று ஓட்டு எடுத்தபோது, சரக்கு வண்டிப் பிரிவில் அவர் பெயர்தான் வந்தது!

நரேனுக்கு அதற்கு முன்பே ஒரு அனுபவம் உண்டு. 2005-ம் ஆண்டு, 'பார்முலா ஒன்' பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அவர் ஓட்டியது 'ஜோர்டான்' என்ற கம்பெனிக்கு. அந்தக் கம்பெனி அந்த ஆண்டே விலைபோய்விட்டது. அடுத்த ஆண்டு அதன் பெயர் 'மிட்லண்ட்'. அதற்கு அடுத்த ஆண்டு 'ஸ்பைக்கர்'. பிறகு விஜய் மல்லய்யா வாங்கினார். 2008-ல் அதன் பெயர் 'போர்ஸ் இந்தியா'. 2018-ல் கடனில் சிக்கி மறுபடியும் கைமாறியது. 2021-ல் 'ஆஸ்டன் மார்ட்டின்' என்று ஆனது. முதலாளிகள் போனார்கள், வந்தார்கள். பட்டறை மட்டும் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன் என்ற அதே ஊரில் இருந்தது.

பந்தயக் கம்பெனியின் ஆயுள் அவ்வளவுதான். ஆகவேதான், ஒரே குடும்பம் ஒரே பெயரில் அறுபது ஆண்டு காலம் ஒரு பந்தயக் கம்பெனியை நடத்தியது என்றால், அது சாதாரணக் காரியம் அல்ல.

அந்தக் குடும்பத்தின் பெயர் பெட்டி. (துணி வைக்கிற பெட்டி அல்ல. அது அவர்களுடைய வம்சப் பெயர்.)

சாராயம் கடத்திய கார்கள்

ஸ்டாக் கார் பந்தயம் பிறந்த கதையே ருசியானது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அதன் பிறகும் தெற்கு மாநிலங்களின் மலைப் பக்கங்களில் கள்ளச் சாராயம் காய்ச்சுவது நிற்கவில்லை. வரி கட்டாத அந்தச் சாராயத்தை இரவில் காரில் ஏற்றிப் போலீசுக்குத் தப்பி ஓட்ட வேண்டும். இதற்காகப் பையன்கள் கார் எஞ்சினைத் திருத்தினார்கள். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாதபடி ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினார்கள். ஓய்வு நாளில், யார் வண்டி வேகம் என்று அவர்களுக்குள் பந்தயம் விட்டார்கள்.

சேலம் ஜில்லாவுக்கும் மதுவிலக்குக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரிந்திருக்கும். ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக, 1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அதே 1937-ல், ஜூலை 2-ந்தேதி, வட கரோலினா மாநிலத்தில் லெவல் கிராஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர்தான் இந்தக் கதையின் நாயகர், ரிச்சர்ட் பெட்டி.

ரிச்சர்டின் தகப்பனார் லீ பெட்டி. 1949-ம் ஆண்டு ஜூன் மாதம் சார்லட் நகரத்தில், கடைக் கார்களை வைத்து நாஸ்கார் முதல் பந்தயத்தை நடத்தியது. லீ பெட்டியிடம் அதற்கு ஏற்ற கார் இல்லை. தெரிந்தவரிடம் ஒரு பியூக் காரை இரவல் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். பந்தயத்தில் கார் குட்டிக்கரணம் அடித்தது! ஆளுக்கு ஆபத்து இல்லை. ஆனால் இரவல் கார் நொறுங்கிவிட்டது. வந்த காரில் திரும்பிப் போக வழி இல்லை. வழியில் போகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அப்போது ரிச்சர்டுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை.

அன்று முதலாவதாக வந்த காருக்கும் பரிசு கிடைக்கவில்லை. சோதித்துப் பார்த்தபோது, சாராயம் கடத்துகிறவர்கள் செய்வதுபோல் அதன் ஸ்பிரிங்கைத் திருத்தி இருந்தது தெரிந்தது. இரண்டாவதாக வந்தவருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். கார் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார்.

இரவல் காரை உடைத்த லீ பெட்டி கலங்கவில்லை. கனமான கார் வேண்டாம் என்று முடிவு செய்து, விலை குறைந்த சிறிய பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். வீட்டுக் கொட்டகையே பட்டறை ஆயிற்று. 1954, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவரே சாம்பியன். 1959-ல் டேட்டோனா என்ற ஊரில் முதன்முதலாக நடந்த 500 மைல் பந்தயத்தில், அவரும் இன்னொருவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டினார்கள். யார் வென்றார் என்று போட்டோக்களைப் பார்த்து முடிவு சொல்ல மூன்று நாள் ஆயிற்று. வென்றவர் லீ பெட்டி.

பிறகு மகன் ரிச்சர்ட் வந்தார். தம்பி மாரிஸ் எஞ்சின் கட்டினார். உறவுக்காரரான டேல் இன்மன் பட்டறையை மேற்பார்த்தார். வெளியார் யாரும் வேண்டி இருக்கவில்லை! ரிச்சர்டின் கார் எண் 43. நிறம், ஒரு தனி மாதிரியான இளநீலம். ஒரு தடவை காருக்கு அடிக்க வெள்ளைப் பெயிண்டும் போதவில்லை, நீலப் பெயிண்டும் போதவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து அடித்தார்கள், அதுதான் அந்த நிறம் என்று சொல்வார்கள். 'பெட்டி நீலம்' என்றால் இன்றும் அமெரிக்காவில் தெரியும்.

ரிச்சர்ட் மொத்தம் 200 பந்தயங்களில் வென்றார். வேறு யாரும் அந்தக் கணக்கை நெருங்கியது இல்லை. ஏழு தடவை சாம்பியன். 1967-ம் ஆண்டில் மட்டும் 27 வெற்றி. அதில் பத்து அடுத்தடுத்து வந்தவை. ஜனங்கள் அவரை 'ராஜா' என்றே கூப்பிட்டார்கள். 1992-ல்தான் ஓட்டுவதை நிறுத்தினார்.

பேரன் போன நாள்

ரிச்சர்டின் மகன் கைல் பெட்டியும் பந்தய டிரைவர். கைலின் மகன் ஆதாம், நாலாவது தலைமுறை. 2000-ம் ஆண்டு ஏப்ரலில் பெரியவர் லீ பெட்டி காலமானார். அடுத்த மாதம், மே 12-ந்தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒத்திகை ஓட்டத்தின்போது ஆதாமின் கார் சுவரில் மோதியது. ஆதாம் இறந்துபோனான். வயது 19!

ஆதாமின் கார் எண் 45. தகப்பனார் கைல், தன் பழைய எண்ணை விட்டுவிட்டு மகனுடைய 45-ஐத் தன் காரில் எழுதிக்கொண்டார். மகன் ஓட்ட வேண்டிய பந்தயத்தைத் தகப்பன் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார். நோயாளிக் குழந்தைகள் தங்கி விளையாடுவதற்கு ஒரு முகாமும் கட்டினார்கள். 2004-ல் அது திறக்கப்பட்டது.

குடும்பத்தின் பெயர் பெரிதாக இருந்தது. கம்பெனியின் கையிருப்பு அப்படி இல்லை. 1999-க்குப் பிறகு பெட்டி கம்பெனிக் கார் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை.

ஏன் கூட்டுச் சேருகிறார்கள்?

பழைய காலத்தில் கொட்டகையில் காரைத் திருத்தி ஓட்டினார்கள். இப்போது நிலைமை வேறு. ஒரு காரை ஆண்டு முழுவதும் பந்தயத்தில் ஓட்டக் கோடிக் கணக்கில் டாலர் வேண்டும். எஞ்சின் கட்ட ஒரு கூட்டம், காற்று எப்படிப் படுகிறது என்று கணக்குப் பார்க்க ஒரு கூட்டம், பந்தயத்தின் நடுவில் பதினைந்து வினாடிக்குள் நாலு டயரையும் மாற்றி எண்ணெயும் ஊற்ற ஒரு கூட்டம். நம் ஊரில் ஒரு டயர் கழற்றுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்!

இத்தனைக்கும் பணம் கொடுப்பவர்கள் விளம்பரக் கம்பெனிகள். காரின் மேல் பெரிதாக எழுதி இருக்கிறதே, அந்தப் பெயர்கள்தான். சோப்புக் கம்பெனியோ தானியக் கம்பெனியோ விலகிப் போனால், கார் நின்றுவிடும். ஒரு காருக்குப் பட்டறை வைத்தாலும் செலவு, நாலு காருக்கு வைத்தாலும் அநேகமாக அதே செலவு. ஆகவே இரண்டு கார்க் கம்பெனியும் இரண்டு கார்க் கம்பெனியும் சேர்ந்தால், ஒரு பட்டறையின் வாடகை மிச்சம். ஒரு எஞ்சின் கொட்டகை போதும். ஒரு முதலாளி நாலு காருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அப்போது சங்கம் விதித்திருந்ததால், நாலு வரையில் சேர முடிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. முக்கியமான காரணம் அதுதான். சேலத்துப் பஸ் முதலாளிகளுக்கு அது உடனே விளங்கும். பழைய பஸ் ஒன்று விலைக்கு வருகிறது என்றால், அதன் எஞ்சினை யார் பார்க்கிறார்கள்? அதன் பெர்மிட்டைத்தான் பார்ப்பார்கள்! பஸ்ஸின் விலை கொஞ்சம். ரூட்டின் விலை நிறைய.

நாஸ்காரிலும் அப்படி ஒரு ரூட் பெர்மிட் இருந்தது. ஒரு பந்தயத்தில் 43 கார்கள் ஓடலாம். 2005 முதல் 2012 வரை, முதலாளிகளின் புள்ளிக் கணக்கில் முதல் 35 இடத்தில் உள்ள கார்களுக்குப் பந்தயத்தில் இடம் நிச்சயம். மற்றவர்கள் சோதனை ஓட்டத்தில் வேகம் காட்டினால்தான் உள்ளே வரலாம். இல்லாவிட்டால் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இடம் நிச்சயம் இல்லாத காருக்கு எந்த விளம்பரக் கம்பெனி பணம் கொடுக்கும்? அதனால், நொடித்துப்போன கம்பெனியிடம் நல்ல புள்ளி இருந்தால், அதைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய கம்பெனிகள் ஓடி வந்தன. புள்ளி ஒரு காரில் இருந்து இன்னொரு காருக்கு மாறிற்று. 2016-ல் இந்த ஏற்பாட்டைப் பகிரங்கமாகவே செய்துவிட்டார்கள். 36 கார்களுக்குப் பட்டயம் கொடுத்தார்கள். பட்டயத்தை விற்கலாம், வாங்கலாம். அது பின்னர் கோடிக் கணக்கான டாலருக்குக் கைமாறியது.

வந்தது 2008!

2008 செப்டம்பரில் அமெரிக்க பாங்குகள் சரிந்தன. கார் விற்பனை படுத்தது. அடுத்த ஆண்டில் கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரண்டு பெரிய கார்க் கம்பெனிகளும் திவால் மனுக் கொடுத்தன. அவர்கள் பணத்தில் ஓடிய பந்தயக் கம்பெனிகள் என்ன செய்யும்?

முதலில் கூட்டுச் சேர்ந்தது இன்னொரு பெரிய பெயர். டேல் எர்ன்ஹார்ட் என்பவர் ரிச்சர்டைப் போலவே ஏழு தடவை சாம்பியன். 2001 பிப்ரவரியில் டேட்டோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மோதி இறந்தவர். அவர் மனைவி தெரசா கம்பெனியை நடத்தி வந்தார். 2007-ன் முடிவில், எர்ன்ஹார்டின் மகனே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். 2008 நவம்பரில் அந்தக் கம்பெனி, சிப் கனாசி என்பவரின் கம்பெனியுடன் கலந்தது. பெயர், 'எர்ன்ஹார்ட் கனாசி'. 2010-ல் டேட்டோனா 500 மைல் பந்தயத்தை அவர்கள் கார் வென்றது. கூட்டு பலித்ததாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் 2014-ல் எர்ன்ஹார்ட் என்ற சொல் பெயர்ப் பலகையில் இருந்து போயிற்று. 2021-ல் கனாசியும் கார்களை விற்றுவிட்டார்.

பெட்டி கம்பெனியின் முறை 2009 ஜனவரியில் வந்தது. முக்கிய விளம்பரக் கம்பெனி விலகிப் போயிருந்தது. டிரைவரும் போய்விட்டார். ஜார்ஜ் ஜில்லட் என்ற பணக்காரரின் பந்தயக் கம்பெனியோடு பெட்டி கம்பெனி இணைந்தது. பெட்டியின் பட்டறை மூடப்பட்டது. பல காலம் வேலை பார்த்தவர்களுக்கு வேலை போயிற்று. கூட்டுக் கம்பெனி என்று கேட்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பட்டறை ஒன்றாகும்போது, இரண்டு வெல்டர்களில் ஒருவர்தானே வேண்டும்!

பெயர் விஷயத்தில் மட்டும் பெட்டிக்கு வெற்றி. பணம் ஜில்லட்டுடையது, பெயர் 'ரிச்சர்ட் பெட்டி மோட்டார் ஸ்போர்ட்ஸ்'. எழுபத்தொரு வயதுப் பெரியவரின் பெயருக்கு இருந்த மதிப்பு அது. 43-ம் நம்பர் காரும் ஓடியது. ஆனால் புதுக் கம்பெனியின் நாலு கார்களில் 45 இல்லை. கைல் பெட்டிக்கும் இடம் இல்லை. இறந்துபோன பையனின் எண்ணைக் கணக்குப் புஸ்தகத்தில் எந்தப் பத்தியில் எழுதுவது?

அந்த ஜூன் மாதத்திலேயே புதுக் கம்பெனியின் கார் ஒன்று கலிபோர்னியாவில் வென்றது. பத்து ஆண்டுக்குப் பிறகு முதலாளி என்ற முறையில் ரிச்சர்டுக்குக் கிடைத்த வெற்றி. அதற்குள் அடுத்த கூட்டு! 2010-க்கு 'யேட்ஸ்' என்ற இன்னொரு கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு, டாட்ஜ் கார்களை விட்டு போர்டு கார்களுக்கு மாறினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜில்லட்டின் பணம் வற்றிவிட்டது. கம்பெனி நின்றுபோகும் நிலை. ரிச்சர்ட் வேறு இரண்டு முதலீட்டாளர்களைத் தேடிப் பிடித்து, 2010 நவம்பரில் தம் கம்பெனியைத் தாமே திரும்ப வாங்கினார். வீட்டை ஏலத்தில் விட்டவர், அதே வீட்டை ஏலம் எடுத்த மாதிரி!

பெயர் போகிற நேரம்

கம்பெனிகள் ஒன்றாகும்போது பெயர் போவது இந்த வட்டாரத்துக்கும் தெரிந்ததுதான். சேலத்தில் 1973 முதல் ஓடிய அரசு பஸ்களில் 'அண்ணா போக்குவரத்துக் கழகம்' என்று எழுதி இருந்தது. தலைவர்களின் பெயரைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு வைப்பதில்லை என்று 1997-ல் அரசு முடிவு செய்தது. எல்லாப் பஸ்ஸிலும் ஒரே பெயர் வந்தது. டிரைவர் அவரே, ரூட்டும் அதே. பலகையில் மட்டும் வேறு எழுத்து.

பெட்டிக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. 2021 டிசம்பரில் மவுரி கல்லகர் என்பவர் கம்பெனியின் பெரும் பங்கை வாங்கித் தம் 'ஜி.எம்.எஸ்.' கம்பெனியோடு சேர்த்தார். பெயர், 'பெட்டி ஜி.எம்.எஸ்.' பெட்டி முன்னால், மற்றது பின்னால். 2022 செப்டம்பரில் டார்லிங்டன் என்ற ஊரில் 43-ம் நம்பர் கார் முதலாவதாக வந்தது. எரிக் ஜோன்ஸ் என்ற இளைஞர் ஓட்டினார்.

அதே 2022 நவம்பரில், ஜிம்மி ஜான்சன் பங்காளியாகச் சேர்ந்தார். ரிச்சர்டையும் எர்ன்ஹார்டையும் போல ஏழு தடவை சாம்பியன் ஆனவர் அவர். 2023 ஜனவரியில் கம்பெனிக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். 'லெகசி மோட்டார் கிளப்'. லெகசி என்றால் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து என்று பொருள். அந்தப் பெயரில் பெட்டி என்ற சொல் இல்லை. ரிச்சர்டுக்குக் கவுரவத் தூதர் பதவி கொடுத்தார்கள். பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் பந்தய மைதானத்துக்கு வந்து நின்றால், கையெழுத்து வாங்க இன்னும் கூட்டம் கூடியது. 43 என்ற எண்ணை எடுக்கவில்லை.

லெவல் கிராசில், லீ பெட்டி கொட்டகையில் தொடங்கிய பழைய பட்டறை இடிபடவில்லை. பந்தயக் கம்பெனி அங்கிருந்து போன பிறகு, ஜனங்கள் கொண்டு வருகிற கார்களைத் திருத்திக் கொடுக்கிற வேலை அங்கே ஆரம்பமாயிற்று. பக்கத்தில் காட்சி சாலை. பழைய நீலக் கார்களை அங்கே நிறுத்தி இருக்கிறார்கள்.